ஒன்றும் கிடைக்கவில்லை

முதல் மீனின் உதடு கிழிந்துவிட்டது. தக்கை ஓரமாகச் சாய்ந்ததைக் கண்டதுமே ரீத்தா, பழகிய கையின் வேகத்தில் கோலை வெடுக்கென்று இழுத்துவிட்டாள். தூண்டில் நரம்பின் முனையில் கனமான ஒன்று அரை நொடி நின்றது. பிறகு கனம் இல்லாமல் போனது. வெறுமையாக மேலே வந்த தூண்டில் முள்ளின் நுனியில் மெல்லிய வெண்தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாஸ் மீனை அப்படித்தான் இழுக்க வேண்டும். அதன் தாடையில் முள் ஏறுவதற்குத் தோளின் பலம் முழுவதும் வேண்டியிருக்கும். அண்ணன் ராய்ஸுடன் சேர்ந்து பத்து வருடங்களாக அவள் பிடித்து வந்தது பாஸ் மீனைத்தான். இன்று அவள் தேடி வந்த கிராப்பி மீனின் வாயோ காகிதத்தைப் போன்றது. அதை இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். ஏரிக்கரையில் பிறந்த எவருக்கும் இது தெரியும், அவளுக்கும் தெரியும். கை மட்டும் மறந்திருந்தது.

அவள் வாளியிலிருந்து இன்னொரு குஞ்சு மீனை எடுத்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே முள்ளைக் கோத்து, சத்தமில்லாமல் நீரில் இறக்கினாள். அக்டோபர் மாதத்து வானம் மூட்டமாக இருந்தது. காற்று துளியும் இல்லை. குளிர்காலத்தை முன்னிட்டு அணையில் தண்ணீரைக் குறைத்துவிட்டிருந்தபடியால், கரையைச் சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் சேறு பழுப்பு நிறத்தில் தெரிந்தது. அதற்கு மேலே ஹிக்கரி மரங்கள் மஞ்சளாக நின்றன. அந்த மஞ்சளுக்கு நடுவில் வீடு. வீட்டின் முன்னறையில் பெரிய ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால், வாடகைக்கு எடுத்த மருத்துவமனைக் கட்டிலில், அவளுடைய அப்பா வெண்டல் கார்நெட் படுத்திருந்தார். அப்போது மணி மூன்று.

அன்று காலையில் அவர் தெளிவாகப் பேசியிருந்தார். மூன்று நாட்களாகத் தண்ணீரைக்கூடப் பஞ்சில் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டிருந்தவர், சுண்ணாம்புக்கல் குவாரியில் முப்பது வருடம் வேலை பார்த்து நுரையீரல் இரண்டையும் கெடுத்துக்கொண்டவர், திடீரென்று கண்ணைத் திறந்து, “கிராப்பி சாப்பிடணும் போல இருக்கு,” என்றார்.

அம்மா நடீன் போர்வையைச் சரிசெய்தபடியே, “ஃப்ரீசர்ல இருக்கு வெண்டல். மே மாசம் நீ பிடிச்சதே மூணு பை இருக்கு,” என்றார்.

“அது ஐஸு. நான் மீனைச் சொல்றேன்.”

ரீத்தா சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரிக்க முயன்றார். அது இருமலாக மாறி, அடங்குவதற்கு வெகு நேரம் ஆயிற்று. அடங்கிய பின் அவர் அவளை அருகில் வரச் சொன்னார்.

“ரெண்டு போதும். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்கம்மாவுக்கு. நீ வேணும்னா ஐஸைத் தின்னு.”

“எங்கே போய்ப் பிடிக்கிறது? நீங்கதான் யாருக்கும் இடம் காட்ட மாட்டீங்களே.”

“காதைக் கொண்டா. ஏரி வளைவோட வாய்க்குப் போ. சர்ச் கோபுரம் அந்தச் செத்த சிக்கமோர் மரத்துக்கு நேர் மேல வரணும். எதிர்க்கரை கிளீட்டோட பச்சைக் கூரை, ரெண்டு குன்றுக்கு நடுவுல தெரியணும். ரெண்டும் சரியா வந்துச்சுன்னா அடியில என் மரம் கிடக்கு. பதினாலு அடி.”

குளிர்காலந்தோறும் சீடார் மரங்களை வெட்டி, கான்கிரீட் கல்லைக் கட்டி, யாரும் பார்க்காத நேரத்தில் ஏரியில் இறக்கிவிடுவது அவர் வழக்கம். மூழ்கிய கிளைகளுக்குள் கிராப்பி கூட்டமாக வந்து தங்கும். அப்படி எத்தனை இடங்கள் அவருக்கு இருந்தன என்பது அம்மாவுக்கே தெரியாது.

“ராய்ஸுக்குச் சொல்லிடாதே,” என்றார் அப்பா, கண்ணை மூடிக்கொண்டு. “அவன்கிட்டச் சொல்றதும் ஒண்ணுதான், தண்டோரா போடுறதும் ஒண்ணுதான்.”

தினமும் வந்து போகும் நர்ஸ் லவோனை ரீத்தா சமையலறையில் தனியாகப் பிடித்துக் கேட்டாள். போகலாமா என்று அவள் நேரடியாகக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் இருக்கும் என்றுதான் கேட்டாள்.

லவோன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இன்னிக்கா நாளைக்கான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது கண்ணு. இப்படித் திடீர்னு தெளியறதை நல்லதுன்னு மட்டும் எடுத்துக்காதே. கேட்டதைச் செஞ்சு குடு. அவ்வளவுதான் நான் சொல்வேன்.”

ஏரியின் அந்த வளைவில் தொலைபேசி எடுக்காது. ஆகவே, ஏதேனும் மாறுதல் தெரிந்தால் டிரக்கின் ஹாரனை மூன்று முறை அடிப்பதாக அம்மா சொன்னார். அந்த வீட்டில் அது பழைய ஏற்பாடு.

“ஒரு மணி நேரம்மா,” என்றாள் ரீத்தா.

“போயிட்டு வா.”

இரண்டாம் முறை தக்கை சாய்ந்தபோது அவள் பொறுத்தாள். மணிக்கட்டை மட்டும் மெல்ல மேலே கொண்டுபோனாள். கோலின் நுனி வளைந்தது. வட்டமிட்டு வட்டமிட்டு ஏறி வந்தது கிராப்பி: வெள்ளி உடம்பில் மிளகுத் தூள் சிதறியது போன்ற கறுப்புப் புள்ளிகள், விரித்த உள்ளங்கை அளவு அகலம். அதைப் படகின் பின்பக்கத்திலிருந்த மீன்தொட்டியில் போட்டாள். தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் சிறிய பம்ப் முனகிக்கொண்டிருந்தது.

அடுத்தது கொஞ்சம் சிறியது. இரண்டு ஆகிவிட்டது. அப்பா கேட்டது இரண்டுதான். ஆனால் சிறியதை அம்மாவின் தட்டில் வைப்பது மரியாதையாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் ஒன்று, சற்றுப் பெரியதாக. அப்படி அவள் நினைத்து முடிப்பதற்குள் தக்கை மறுபடியும் நீருக்குள் போயிற்று.

அதன் பிறகு நினைப்பு என்று எதுவும் இருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். இரை நீரில் இறங்கும். தக்கை நிமிர்ந்து நிற்கும். சற்றைக்கெல்லாம் சாயும். கை தானாக உயரும். வளைவின் வாயில் பாஸ் கூட்டம் ஒன்று மேலே வந்து சிறு மீன்களைத் துரத்தி நீரைக் கொதிக்க வைத்தது. ராய்ஸாக இருந்தால் பைத்தியம் பிடித்தவனைப் போல அங்கே ஓடியிருப்பான். அவள் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பெரிய மீன் படகின் விளிம்பில் நழுவி, அவள் மடியில் விழுந்து, பூட்ஸுக்குள் தலையை நுழைத்துக்கொண்டபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். விவாகரத்து ஆன வருடம், அப்பாவின் நோய் வந்த வருடம், பள்ளிப் பேருந்தை ஓட்டிக் கழித்த எல்லாக் காலைகளும் எங்கோ தொலைவில் இருந்தன. அந்த நேரத்தில் அப்பா சாகப்போகிறார் என்னும் செய்தி அவளிடம் இல்லை.

ஏதோ ஒரு சத்தம் வந்தது. மீனின் வாயிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். நெடுஞ்சாலைப் பாலத்தில் போகும் லாரியாக இருக்கலாம். தொலைவில் செல்லும் சரக்குப் படகாக இருக்கலாம். ஒரு தடவை வந்ததா, மூன்று தடவையா என்று அவள் எண்ணவில்லை.

நிமிர்ந்து வீட்டைப் பார்த்தபோது, முற்றத்தில் ராய்ஸின் டிரக் நின்றிருந்தது. அவன் ஆறு மணிக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தான். கைக்கடிகாரத்தில் மணி நாலே முக்கால்.

படகு துறையை இடித்து நின்றது. கயிற்றை எப்படிக் கட்டினாள் என்பது அவளுக்குப் பின்னால் நினைவுக்கு வரவே இல்லை. தாழ்வாரத்தில் அம்மா, கார்டிகனின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நின்றார்.

“போயிட்டார் ரீத்தா.”

“எப்போ?”

“நாலு பத்துக்கு.”

கதவைத் திறந்துகொண்டு ராய்ஸ் வெளியே வந்தான். பெரிய உடம்பு, சிவந்த கண்கள். அவனும் தாமதமாகத்தான் வந்திருந்தான், நாலரைக்கு. அவன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டான். பிறகு, வேறு என்ன கேட்பதென்று தெரியாதவனாக, “கிடைச்சுதா தங்கச்சி?” என்றான்.

இரண்டு என்று சொல்லியிருக்கலாம். இரண்டுக்கு இவ்வளவு நேரமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு என்று சொன்னால் யாராவது போய் மூடியைத் திறப்பார்கள்.

“இல்ல,” என்றாள் ரீத்தா. “ஒண்ணும் கிடைக்கல. அதனாலதான்... நின்னு நின்னு பார்த்தேன்.”

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

ஆக்ஸிஜன் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். நான்கு மாதமாக அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் இல்லாதபோது, அறை முன்னைவிடப் பெரிதாகிவிட்டது போல இருந்தது. லவோன் அப்பாவின் முகத்தைத் துடைத்து, தலையை வாரிவிட்டிருந்தார். வகிடு தவறான பக்கத்தில் இருந்தது. போர்வையின் மேல் கைகள் இரண்டும் மல்லாந்து கிடந்தன. கட்டை விரல்களின் ஓரத்தில், தோல் காய்த்துப்போன இடங்களில், முள் குத்திய பழைய கறுப்புப் புள்ளிகள்.

அவள் அந்தக் கையைத் தொடப் போனாள். தன் விரல்களில் மீனின் வழுவழுப்பு காய்ந்து, செதில்கள் மின்னுவதைக் கண்டாள். திரும்பிச் சமையலறைக்குப் போய் எலுமிச்சைச் சோப்பால் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். மூன்றாம் முறையும் நாற்றம் போகவில்லை. அதற்குள் இறுதிச் சடங்கு இல்லத்திலிருந்து வண்டி வந்துவிட்டது. அப்பாவை எடுத்துச் சென்றபோது அவள் ஈரக் கைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

இருட்டுவதற்கு முன்பே அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினர். ஃபாயில் மூடிய பாத்திரங்கள் மேசையை நிறைத்தன: சுட்ட பன்றித் தொடை, பச்சைப் பீன்ஸ், வாழைப்பழப் புட்டிங் இரண்டு. பாத்திரங்களின் அடியில் அவரவர் பெயர் எழுதிய பட்டை ஒட்டியிருந்தது. எதிர்க்கரையில் வசிக்கும் கிளீட் ஆஸ்போர்ன், தன் மனைவி செய்த சோளரொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வழக்கமான தொப்பி இல்லாமல் வந்தார். தொப்பி இல்லாத அவருடைய நெற்றியை ரீத்தா அதற்கு முன் பார்த்ததாகவே நினைவில்லை. மேல் பாதி வெள்ளையாக, கீழ்ப் பாதி செங்கல் நிறமாக இருந்தது.

எல்லோரும் தட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கிளீட்தான் பேச்சைத் தொடங்கினார்.

“வெண்டல் மாதிரி ஒரு திருட்டுப் பயலை நான் பார்த்ததில்லை. மரத்தை எங்கே இறக்கினேன்னு சாகிற வரைக்கும் சொல்லலையே! முப்பது வருஷம் எதிர்க்கரையில உட்கார்ந்து வேவு பார்த்திருக்கேன் நான்.”

“எனக்கே சொல்லல,” என்றான் ராய்ஸ். “பெத்த புள்ளைக்கு.”

“உனக்கா? உனக்குச் சொல்லியிருந்தா மறுநாள் அங்கே நாப்பது படகு நிக்குமே. போட்டி வெச்சு பரிசுக் கோப்பையும் குடுத்திருப்பியே.”

சிலர் சிரித்தார்கள். ராய்ஸும் சிரித்தான். சூடு பிடித்த கிளீட், எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கதைக்கு வந்தார்.

“இவ பொறந்த அன்னிக்கு என்ன ஆச்சு? ஏப்ரல் மாசம். நடீனுக்கு வலி எடுத்திடுச்சு. வெளிய வந்து டிரக் ஹாரனை மூணு தடவை அடிக்கிறாங்க. ஏரி முழுக்கக் கேக்குது. எனக்குக் கேட்டுச்சு, எங்க வீட்டு மாட்டுக்குக் கேட்டுச்சு. அந்த ஆள் கையைத் தூக்கி ஆட்டுறான்! ஆட்டிட்டு, திரும்பவும் தூண்டிலைப் போடுறான்! கடைசியில எங்கப்பாதான் நடீனை வண்டியில ஏத்திக்கிட்டுப் போனார். பாப்பா பொறந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு, சட்டையெல்லாம் செதிலோட ஆஸ்பத்திரிக்கு வந்து நிக்கிறான். ஏன்டான்னு கேட்டா என்ன சொன்னான்?”

“கடிச்சுக்கிட்டிருந்துச்சு,” என்று மூன்று நான்கு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்தக் கதை அதோடு முடிவதில்லை. அதன் கடைசி வரி அம்மாவுடையது. நாற்பத்தொரு வருடமாக, யார் வீட்டு விருந்தானாலும், கிளீட்டோ வேறு எவரோ அந்த இடத்துக்கு வந்து நிறுத்தியதும் அம்மா, புன்னகை இல்லாமல், “மீன் நாளைக்கும் இருந்திருக்கும்,” என்பார். அப்பா தட்டைப் பார்த்துக்கொள்வார். எல்லோரும் இப்போது அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ரீத்தா பார்க்கவில்லை. அவள் தன் முள்கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுகள் மட்டும் காத்திருந்தன.

அந்த வரி வரவில்லை. நடீன் எழுந்து, வெற்றுத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

சங்கடத்தை மறைக்க விரும்பிய கிளீட் ரீத்தாவின் பக்கம் திரும்பினார். “ஆமா, நீ இன்னிக்கு வளைவுலதானே இருந்தே? ஜன்னல்ல பார்த்தேன். ரெண்டு மணி நேரமா படகு ஒரே இடத்துல அசையாம நின்னுச்சே.”

“அவளுக்கு ஒண்ணும் கடிக்கலியாம்,” என்றான் ராய்ஸ். “பாவம், அப்பா ஆசையாக் கேட்டாராம்.”

கிளீட் அவளைப் பார்த்தார். கிராப்பி கடிக்காத இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை. கோலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். அசையாமல் நிற்கும் படகுக்கு அந்த ஏரியில் ஒரே அர்த்தம்தான். அவருடைய முகத்தில் அது வந்து போனதை ரீத்தா கண்டாள். ஆனால், மீனைப் பற்றி ஒருவர் சொன்னதை இன்னொருவர் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை என்பது ஏரிக்கரைவாசிகள் காத்துவரும் மரியாதை.

“ம்,” என்றார் கிளீட். “சில நாள் அப்படித்தான்.” பிறகு தேவையில்லாமல் இன்னொரு துண்டு சோளரொட்டியை எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு ரீத்தா பாத்திரங்களைக் கழுவினாள். அம்மா துடைத்தார். ஹாரன் அடித்தாயா என்று கேட்க வேண்டும். கேட்டால், அந்தச் சத்தம் தன் காதில் ஏன் விழவில்லை என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தட்டையும் அவள் நீட்டியபோது அந்தக் கேள்வியும் சேர்ந்து தொண்டை வரை வந்தது. அம்மா தட்டை வாங்கிக்கொண்டு, துடைத்து, அலமாரியில் வைத்தார். பழைய படுக்கையறையில் படுத்த பின் ரீத்தா காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். துறையில் பம்ப் ஓடும் சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது. கேட்பது போலவே இருந்தது.

விடிந்ததும் அவள் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு இறங்கினாள். யாரும் எழுந்திருப்பதற்குள் மீன்களை ஏரியில் விட்டுவிடுவது அவள் எண்ணம். ராய்ஸ் துக்க நாளுக்கான கோட்டு சூட்டை எடுத்து வருவதற்காகத் தன் வீட்டுக்குப் போயிருந்தான். நீரிலிருந்து பனிமூட்டம் எழுந்துகொண்டிருந்தது.

படகுக்குள் அம்மா உட்கார்ந்திருந்தார். மீன்தொட்டியின் மூடி திறந்திருந்தது.

“பதினொண்ணு,” என்றார் நடீன், திரும்பாமலே.

ரீத்தா பலகையின் மேல் நின்றாள். அவளுக்குக் கால்கள் குளிர்ந்தன. “விட்டுடலாம்னு வந்தேன்,” என்றாள்.

“மூணு செத்துப்போச்சு. மத்ததும் மூச்சுக்குத் திணறுது, பம்ப் நின்னு எவ்வளவு நேரம் ஆச்சோ. இதை விட்டா மிதந்து கரைக்குத்தான் வரும்.” அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “கத்தியை எடுத்துட்டு வா. பலகையையும் எடுத்துட்டு வா. இன்னிக்கு ஆளுங்க வருவாங்க.”

அப்பாவின் பலகையில், அப்பாவின் மெல்லிய கத்தியால் அவள் சீவினாள். செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு. முதுகெலும்பை உரசிக்கொண்டு வால் வரை. திருப்பிப் போட்டுத் தோலை உரித்தல். அப்பாவாக இருந்தால் ஒரு மீனை முடித்திருக்கும் நேரத்தில் அவளுடைய கத்தி விலா எலும்புகளில் சிக்கி நின்றது. அம்மா வாளியில் தண்ணீர் ஊற்றி, சதைத் துண்டுகளை அலசினார். இருபத்திரண்டு துண்டுகள் சேர்ந்தன.

சமையலறையில் நடீன் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தார். ரீத்தா சோளமாவில் உப்பும் மிளகும் கலந்தாள். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க அம்மா ஒரு சிட்டிகை மாவைப் போட்டார். அது பொரிந்து சுழன்றது.

“ராய்ஸ்கிட்ட ஒண்ணும் கிடைக்கலன்னு சொல்லிட்டேன்மா.”

“பக்கத்துலதானே நின்னேன். கேட்டேன்.”

முதல் நான்கு துண்டுகள் எண்ணெயில் இறங்கின. அந்தச் சத்தம் அடங்கும் வரை ரீத்தா காத்திருந்தாள்.

“எனக்கு ஹாரன் கேக்கல.” சொன்ன பிறகு அதுவும் சரியில்லை என்று தோன்றவே, “கேட்டுச்சான்னு தெரியலம்மா,” என்றாள். “ஏதோ ஒரு சத்தம் வந்துச்சு. நான் எண்ணல. மீன்... நான் பார்க்கல. நிமிர்ந்தே பார்க்கல.”

“நான் அடிக்கல.”

அம்மா இடுக்கியால் ஒரு துண்டைத் திருப்பினார். பொன்னிறத்துக்கு இன்னும் வரவில்லை. மறுபடியும் திருப்பி வைத்தார்.

“நாலு மணிக்கு மூச்சு மாறுச்சு. லவோன் என்னைப் பார்த்தா. சாவியை எடுத்துக்கிட்டு வெளிய போனேன். வண்டியில ஏறி உட்கார்ந்தேன். அங்கேருந்து நீ நல்லாத் தெரிஞ்சே. கோல் வளைஞ்சிருந்துச்சு. எடுத்து உள்ளே போட்டே. உடனே இன்னொண்ணு. அது உன் மேல விழுந்துச்சோ என்னமோ, எழுந்து நின்னு ஆடினே. நீ சிரிச்சது இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

ரீத்தா மாவுப் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஹாரன் மேல கையை வெச்சேன்,” என்றார் நடீன். “வெச்சுக்கிட்டே இருந்தேன்.”

“அப்புறம்?”

“இறங்கி உள்ளே வந்துட்டேன். அப்பா காதுகிட்டக் குனிஞ்சு, வெண்டல், அவளுக்குக் கடிச்சுக்கிட்டிருக்குன்னு சொன்னேன்.”

“அவருக்குக் கேட்டுச்சா?”

அம்மா அடுப்பைத் தணித்தார். இடுக்கியைச் சட்டியின் ஓரத்தில் தட்டி எண்ணெயை வடித்தார்.

“தெரியல.”

பொரிந்த துண்டுகளைக் காகிதத்தில் எடுத்து வைத்துவிட்டு அடுத்தவற்றை இறக்கினார். அவையும் வெந்த பின், இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வெளியே சரளைக்கற்கள் நெரியும் ஓசை கேட்டது; ராய்ஸின் டிரக். ரீத்தாவின் கை, தானாகவே, மீன் குவிந்திருந்த தாம்பாளத்தை மூடத் துணியைத் தேடிற்று.

“இருக்கட்டும்,” என்றார் நடீன். “உட்காரு.”

ரீத்தா உட்கார்ந்தாள். டிரக்கின் கதவு அறைந்து சாத்தப்பட்டது. படிகளில் காலடிகள் ஏறி வந்தன. அம்மா ஒரு துண்டைப் பிய்த்து, ஊதி, வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். நடுவில் மெல்லுவதை நிறுத்தி, இரண்டு விரல்களால் உதட்டிலிருந்து மெல்லிய, ஒளி ஊடுருவும் விலா முள் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்தார். அதைத் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, அடுத்த துண்டை எடுத்துக்கொண்டார்.